லேபிளைக் கிழித்தது நான்தான்

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. முப்பத்திரண்டு ஆண்டுகள் அரசு சித்த மருத்துவராக வேலை பார்த்தவள் இப்படித் தொடங்குவது அழகில்லைதான். ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் பாதி பொய்யாகிவிடும்.

போன மாதம் இளம் சித்த மருத்துவர்கள் ஏழெட்டுப் பேர் திண்டுக்கல்லில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கஞ்சா இலையிலிருந்து செய்த மருந்தை உரிமம் பெற்ற நிறுவனங்களே தயாரித்து, மருத்துவர் எழுதிய சீட்டின் பேரில் கூரியரில் அனுப்புகிற காலம் இது. வலி தாங்காத புற்றுநோயாளிகள் அதைக் கேட்டு வருகிறார்களாம். “எழுதலாமா மேடம்? எழுதினா நமக்கு ஏதும் ஆகுமா?” என்று கேட்டார்கள். சட்டத்தை என்னைவிட நன்றாகவே படித்திருந்தார்கள். கைப்பேசியில் பக்கம் பக்கமாக வைத்திருந்தார்கள். அப்புறமும் கேட்டார்கள் என்றால் அது பயம். அந்தப் பயத்தின் முகம் எனக்கு நன்றாகத் தெரியும். காபி போட்டுக் கொடுத்து ஜெயந்தியைப் பற்றிச் சொன்னேன். கிளம்பும்போது ஒரு பெண், “இதை எழுதி வைங்க மேடம்” என்றாள். எழுதுகிறேன்.

படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாளையங்கோட்டையில் ஐந்தரை ஆண்டுகள். பழைய மருந்து முறைகளில் கஞ்சா எத்தனையோ இடத்தில் வரும். எப்படிக் கழுவ வேண்டும், எதில் வேகவைக்க வேண்டும், எந்த அளவுக்கு மேல் போனால் விஷம் என்று எல்லாம் மனப்பாடம் செய்திருந்தோம். ஒரே ஒரு தடவை எங்கள் பேராசிரியர் பூட்டிய அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடிக் குப்பியை எடுத்துத் தூரமாகக் காட்டினார். உள்ளே காய்ந்த இலை நாலைந்து கிடந்தது. “நல்லாப் பாத்துக்கோங்க. பரீட்சையில எழுதுங்க. ஊருக்குப் போய் எழுதிராதீங்க” என்று சொல்லிவிட்டுத் திரும்பவும் பூட்டினார். அன்றைக்கு வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பிறகு நெய்க்காரப்பட்டி, ரெட்டியார்சத்திரம் என்று ஊர் ஊராக மாற்றலாகி, மூட்டுவலிக்கு எண்ணெயும் சளிக்குச் சூரணமும் எழுதியே காலத்தை ஓட்டினேன். ஒருநாளும் அந்த வார்த்தையை ஒரு சீட்டில் எழுதியதில்லை.

எங்கள் மாவட்ட சித்த மருத்துவ அதிகாரியை நாங்கள் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மேசைக்கு ஒரு கோப்பு வந்தால் அவர் இரண்டு கைகளையும் மேசைக்கு அடியில் மடியில் வைத்துக்கொள்வார். எழுத்தர் பக்கத்தைப் புரட்ட வேண்டும். இவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துப் படிப்பார். படித்து முடித்ததும் “ம்” என்பார். அந்த “ம்” சரி என்பதா, வேண்டாம் என்பதா என்று எழுத்தருக்குக்கூடத் தெரியாது. ஏதாவது எழுதியே ஆக வேண்டுமென்றால் பென்சிலை எடுத்து ஓரத்தில் “பேசவும்” என்று எழுதுவார். நாங்கள் போய்ப் பேசுவோம். பேசி முடித்ததும் ரப்பரை எடுத்து அந்த வார்த்தையை அழித்து, தூளை வாயால் ஊதிவிடுவார். சட்டைப்பையில் பச்சை மைப் பேனா ஒன்று எப்போதும் இருக்கும். அதில் மை இருக்கிறதா என்று நாங்கள் எங்களுக்குள் கேட்டுச் சிரித்துக்கொள்வோம்.

கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். என் அம்மா படுக்கையில் கிடந்தபோது விடுப்புக் கேட்டுப் போனேன். “லீவு லெட்டர்லாம் எதுக்கு மேரி டாக்டர்? போயிட்டு வாங்க” என்று வாயாலேயே அனுப்பிவைத்தார். இளம் வயதில் எவனோ நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, விசாரணை, பதவி உயர்வு நிறுத்தம் என்று பல வருடம் அலைந்திருக்கிறார். சூடு கண்ட பூனை. அந்தப் பூனையிடம்தான் நாங்கள் எல்லோரும் வேலை பழகினோம்.

ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தபோது நான் சின்னாளபட்டிப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் சித்தா பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைத்தறி நெசவாளர்கள் நிறைந்த பகுதி. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இடுப்புவலி, மீதிப் பேருக்குக் கண்ணெரிச்சல். அப்படித்தான் கோவிந்தராஜ் தன் மனைவி ஜெயந்தியைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு வந்தார். அவர் தறி நெய்கிறவர். அந்த அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுகிறவர். நாற்பத்தாறு வயது. மார்பில் வந்த புற்று, முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. மதுரையில் கதிர்வீச்சு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது. அங்கே கொடுத்த வலி மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தியாகிக்கொண்டிருந்தது.

“சோத்தப் பாத்தாலே கொமட்டுதும்மா. படுத்தா முதுகுல யாரோ ஏறி நிக்கிற மாதிரி இருக்கு. செத்த நேரம் கண்ணு அசந்தாப் போதும்” என்றார் ஜெயந்தி. உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

கோவிந்தராஜ் கைப்பேசியை நீட்டினார். அந்த இலை மருந்தைப் பற்றிய செய்தி. மதுரை மருத்துவர் இதற்கு ஆட்சேபம் இல்லை என்று ஒரு தாளும் எழுதிக் கொடுத்திருந்தார். ஆனால் சீட்டு எழுத வேண்டியது எங்கள் மாதிரி மருத்துவர்கள்தான். “ரெண்டு டாக்டரப் பாத்துட்டேம்மா. ரெண்டு பேரும் நீங்க வேற எடம் பாருங்கன்னுட்டாக” என்றார்.

எனக்கும் அதே வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. மூன்று நாள் கழித்து வாருங்கள் என்றேன். அந்த மூன்று நாளும் விதிகளைத் தேடித் தேடிப் படித்தேன். தடை எதுவும் இல்லை. இல்லை என்று தெரிந்ததும் பயம் கூடியது. தடை இருந்திருந்தால் நிம்மதியாகக் கைவிரித்திருக்கலாமே!

நாலாம் நாள் எழுதினேன். மதுரை மருத்துவரின் தாள், பழைய ஸ்கேன், ஆதார் நகல் எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்தேன். சீட்டை மூன்று பிரதி எடுத்தேன். ஒன்று அவர்களுக்கு, ஒன்று நிறுவனத்துக்கு, ஒன்று எனக்கு. “இது புத்துநோயச் சொகப்படுத்தாது. அத நல்லா மனசுல வச்சுக்கங்க. வலியக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், தூங்க விடும், ரெண்டு வாய் சாப்பிட விடும். சாயங்காலம் ஒரு வேளை, நாக்குக்கு அடியில சொட்டு விடணும். தல சுத்துனா படுத்துக்கணும். கூட்டணும்னாலும் கொறைக்கணும்னாலும் என்னியக் கேக்காமச் செய்யக் கூடாது” என்று ஒருமுறைக்கு இருமுறை சொன்னேன். கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துக் கொடுத்தேன்.

பத்து நாளில் மருந்து வந்தது. வந்த மறுநாள் காலையிலேயே கோவிந்தராஜ் பாட்டிலை மஞ்சள் பைக்குள் வைத்துச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடிவந்தார்.

“டாக்டரம்மா, கொழுந்தியா மக காலேஜு படிக்கிறா. பாட்டில்ல இருக்கத வாசிச்சுப் பாத்துட்டு, ‘பெரியப்பா, இது கஞ்சா’ன்னு கத்திப்புட்டா. செவுத்துக்கு அங்கிட்டு நாலு வீட்டுக்குக் கேட்டுப்போச்சு. என்னம்மா செய்யட்டும்?”

அன்றைக்குக் காலைச் செய்தித்தாளில் கஞ்சாவோடு பஸ்ஸில் வந்த இருவரைப் பிடித்த படம் வந்திருந்தது. முகத்தைத் துண்டால் மூடி, இரண்டு பக்கமும் போலீஸ். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு அந்தத் துண்டுக்குப் பின்னால் கோவிந்தராஜின் முகம் தெரிந்தது. பக்கத்தில் என் முகமும் தெரிந்தது.

அப்போது நான் செய்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். எங்கள் பிரிவில் வலி எண்ணெய் ஊற்றிக் கொடுக்கும் காலிப் பாட்டில்கள் நிறைய இருக்கும். ஒன்றை எடுத்தேன். மருந்தை நானே அதில் ஊற்றினேன். பழைய பாட்டிலை ஈரத் துணியால் துடைத்து, லேபிளை நகத்தால் சுரண்டினேன். பாதிதான் வந்தது. “யாராச்சும் கேட்டா வலி எண்ணெய்னு சொல்லுங்க, ஒண்ணும் ஆகாது. சீட்ட வீட்டுலயே வச்சுக்கங்க, வெளிய கொண்டுபோகாதீக” என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். பழைய பாட்டிலைக் குப்பையில் போடவும் பயம். கூட்டுகிறவர் பார்த்துவிட்டால்? அதைக் கைக்குட்டையில் சுற்றி என் மேசை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

மருந்து வேலை செய்தது. அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் ஜெயந்தி தொடர்ச்சியாக நாலு மணிநேரம் தூங்கினார். இரண்டாம் வாரம் புளிக்குழம்பு கேட்டாராம். “கொழம்புல உப்புக் கம்மின்னு என்னிய ஏசுறாம்மா” என்று கோவிந்தராஜ் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு கல்யாணக்களை இருந்தது.

மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை. மதுரையில் கதிர் வைத்தியத்துக்கு நாள் கொடுத்திருந்தார்கள். இரண்டு நாள் அங்கே தங்க வேண்டியிருந்ததால் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மதுரை ரோட்டில் பஸ்ஸை நிறுத்திப் போலீஸ் சோதனை. காலை பத்து மணிக்கு எனக்குப் போன் வந்தது.

“டாக்டரம்மா, பிடிச்சுட்டாக. என்ன எண்ணெய்னு கேட்டாக. நீங்க சொன்ன மாதிரியே வலி எண்ணெய்னு சொன்னேன். மோந்து பாத்துட்டுக் கன்னத்துல ஒண்ணு விட்டாக. ஸ்டேசனுக்குக் கூட்டிட்டு வந்துட்டாக. இவளும் கூடத்தான் இருக்கா, உக்கார முடியாம…” அதற்குள் யாரோ போனைப் பிடுங்கிவிட்டார்கள்.

நான் உடனே கிளம்பிப் போனேன் என்று எழுத ஆசைதான். நான் செய்த முதல் வேலை பெரிய டாக்டருக்குப் போன் போட்டது.

முழுக்கக் கேட்டார். “ம்” என்றார். பிறகு, “மேரி டாக்டர், சும்மா போன ஓணான எடுத்து மடியில விட்டுக்கிட்டீங்களே. ரிட்டயர்மெண்டுக்கு எத்தன மாசம் இருக்கு?” என்று கேட்டார். பதினொரு மாதம் என்றேன். “சீட்டு எழுதுனதோட சரி, வேற எதுவும் நீங்க செய்யல. எதுவும் சொல்லல. எங்கயும் போகல. பாட்டில மாத்துனது அந்தாளு. புரியுதா?” என்றார்.

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. பாட்டிலை மாற்றியது யாரென்று நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. கோவிந்தராஜ் சொன்னாலும் யார் நம்பப்போகிறார்கள்? போனை வைத்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன். அதற்கு அடுத்தவரையும் கூப்பிட்டேன். ஏறத்தாழ இரண்டு மணிநேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன். கைப்பைக்குள் கையை விட்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டே நாடி பார்த்தேன் என்றால் நம்புவீர்களா? கடைசியில் ஒரு தாத்தா சீட்டைத் திருப்பிக் கொண்டுவந்து, “ஆத்தா, இதுல வேற ஆளு பேரு எழுதிருக்கு” என்றார். பார்த்தேன். நோயாளி பெயர் எழுத வேண்டிய இடத்தில் ஜெயந்தி என்று எழுதியிருந்தேன்.

டிராயரைத் திறந்து பாதி லேபிளோடு இருந்த பாட்டிலையும் சீட்டின் மூன்றாவது பிரதியையும் எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன்.

ஸ்டேஷன் வராண்டாவில் ஒரு பெஞ்சு. அதில் ஜெயந்தி ஒருக்களித்துச் சாய்ந்திருந்தார். முந்தானையைச் சுருட்டிப் பல்லால் கடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். “நீங்க எதுக்கும்மா இங்கிட்டு வந்தீக?” என்றார். பாட்டிலையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

இன்ஸ்பெக்டர் நடுத்தர வயதுக்காரர். மரியாதையாகவே உட்காரச் சொன்னார். பாட்டிலையும் சீட்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேலே யாருக்கோ போன் செய்து கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“மேடம், சீட்டு இருக்கு, பாட்டில் இருக்கு, கம்பெனி லைசென்ஸ் நம்பர் பாதி தெரியுது. எல்லாம் முறையாத்தான் இருக்கு. இந்தாளு இந்தப் பாட்டிலோடயும் இந்தச் சீட்டோடயும் வந்திருந்தா நான் பஸ்ஸ விட்டே எறக்கியிருக்க மாட்டேன். மடியில கனமில்லாட்டி வழியில என்ன பயம்? எதுக்கு வேற பாட்டில்ல ஊத்திப் பொய் சொல்லணும்?”

“நான்தான் சார் ஊத்துனேன். நான்தான் அப்பிடிச் சொல்லச் சொன்னேன்.”

“நீங்களா?”

“பயந்துட்டேன் சார்.”

அவர் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளினார். “அத அப்பிடியே எழுதிக் குடுங்க மேடம். இல்லாட்டி இவர விட்டதுக்கு என்னியக் கேப்பாங்க” என்றார். அவருக்கும் பயம்தான் என்று அப்போது தெரிந்தது. எழுதினேன். பாட்டிலை மாற்றியது நான், லேபிளைக் கிழித்தது நான், நோயாளியின் கணவருக்கு இதில் எந்தக் குற்றமும் இல்லை. மூன்றே வாக்கியம்தான். அதை எழுதி முடிக்க அரைமணி நேரம் ஆனது. சாயங்காலம் நாலு மணிக்குக் கோவிந்தராஜை விட்டார்கள். மருந்தைப் பரிசோதனைக்கு என்று வைத்துக்கொண்டார்கள். அது திரும்பி வரவேயில்லை. அன்றைய கதிர் வைத்தியமும் போயிற்று.

புது மருந்துக்கு எழுதினேன். இரண்டு வாரம் கழித்து வந்தது. நானே வீட்டுக்குக் கொண்டுபோனேன். லேபிளோடு, சீட்டோடு, பில்லோடு. ஜெயந்தி இளைத்துப் பாதியாகியிருந்தார். தறிக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தார். பாட்டிலைப் பார்த்ததும் வாயை இறுக மூடிக்கொண்டார்.

“வேணாம்மா.”

“இப்ப எல்லாம் சரியா இருக்கு ஜெயந்தி. ஒண்ணும் ஆகாது.”

“அன்னைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னுதான சொன்னீக? அவுகள அடிச்சாகம்மா. எங் கண்ணு முன்னால. கல்யாணமாயி இருவத்தஞ்சு வருசத்துல அவுகள யாரும் கைநீட்டிப் பேசி நான் பாத்ததில்ல. வலியா, நான் பொறுத்துக்கிறேன். கெவர்மெண்டுல இருந்து ஒரு பேப்பர் வாங்கியாங்க, அவுகளப் பிடிக்க மாட்டோம்னு. அப்பக் குடிக்கிறேன்.”

கோவிந்தராஜ் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டபடி அழுதுகொண்டிருந்தார். என் பயத்தைத்தான் நான் அந்த அம்மாவுக்கு ஊற்றிக் கொடுத்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது அப்போதுதான்.

அந்தப் பேப்பருக்காக அலைந்தேன். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். நானும் கோவிந்தராஜும் போனோம். வாசலில் மனு எழுதிக் கொடுக்கிறவர் எங்கள் கதையைக் கேட்டுக் கிறுகிறுவென்று எழுதிக்கொண்டே வந்தார். கஞ்சா இலை மருந்து என்றதும் பேனாவை மூடிவிட்டார். “அந்த வார்த்தய மட்டும் நீங்களே எழுதிக்கங்கம்மா. எனக்கும் புள்ளகுட்டி இருக்கு” என்றார். நானே எழுதினேன். சீட்டும் முத்திரையும் உள்ள மருந்தை வைத்திருக்கும் நோயாளிகளைத் தொந்தரவு செய்யக் கூடாது, அவர்கள் காட்டுவதற்கு ஓர் அத்தாட்சிக் கடிதம் தர வேண்டும் என்பது மனு. வாங்கியவர்கள் பண்பாகத்தான் வாங்கினார்கள். உரிய அலுவலகத்துக்கு அனுப்புகிறோம் என்றார்கள். உரிய அலுவலகம் எது? எங்கள் பெரிய டாக்டருடையது.

போய் நின்றேன். மனு மேசையில் கிடந்தது. அவர் கைகள் மடியில் இருந்தன. ஓரத்தில் பென்சிலில் “பேசவும்.”

“ஒரு வரி போதும் சார். இது அனுமதிச்ச மருந்துன்னு ஒரே ஒரு வரி. அந்தம்மா வாயத் தொறக்க மாட்டேங்குது” என்றேன்.

“எனக்கும் தெரியுது மேரி டாக்டர். நாளைக்கு எவனாவது அந்த லெட்டரக் காட்டிக்கிட்டு வேற எதையாவது கடத்துனா? எங் கையெழுத்துல்ல இருக்கும்?” என்றார். பொய்யில்லை. உண்மையிலேயே அவருக்கு வருத்தமாக இருந்தது. அந்த வருத்தத்தோடேயே ரப்பரை எடுத்து “பேசவும்” என்பதை அழித்தார்.

அன்று சாயங்காலம் என் சொந்தத் தாளில், என் பதிவு எண்ணோடு, என் முத்திரையோடு நானே ஒரு கடிதம் எழுதினேன். இந்த மருந்தை எழுதியது நான், இது குறித்து யார் எதைக் கேட்க வேண்டுமானாலும் என்னைக் கேட்கலாம் என்று. ஜெயந்திக்கு அதை வாசித்துக் காட்டினேன்.

“இது கெவர்மெண்டுப் பேப்பர் இல்லையே?”

“இல்ல. எம் பேப்பர்.”

“அப்ப நீங்க வாசப்படியில உக்காருங்க. நான் குடிச்சு முடிச்சுக் கண்ணசர மட்டும் உக்காந்திருங்க. போலீசு வந்தா மொதல்ல உங்களத்தான கேக்கணும்?” என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் வேலை முடிந்ததும் ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடித்து அவர்கள் தெருவில் இறங்குவேன். வாசற்படியில் தெருவைப் பார்த்து உட்காருவேன். உள்ளே கோவிந்தராஜ் சொட்டு விடுவார். ஒவ்வொரு பைக் சத்தத்துக்கும் எழுந்து நின்று பார்ப்பேன். காக்கிச் சட்டை போட்ட ஆட்டோக்காரர் ஒருவர் தினமும் அந்த வழியாகப் போவார். தினமும் நான் பயந்தேன். உள்ளேயிருந்து மூச்சு சீராகும் சத்தம் கேட்டதும் எழுந்து வருவேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் முதலில் கதவிடுக்கில் பார்த்தார்கள். பிறகு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். இருபத்திரண்டு நாள் அப்படி உட்கார்ந்தேன். ஜெயந்தி மறுபடியும் கொஞ்சம் கஞ்சி குடித்தார். ஒருநாள் உட்கார்ந்து கோவிந்தராஜின் சட்டைக்குப் பட்டன்கூடத் தைத்தார்.

இருபத்து மூன்றாம் நாள் எனக்கு ஒரு மெமோ வந்தது. அனுமதி பெறாமல் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தது ஏன், மனு கொடுத்தது ஏன் என்று. என் பணிக்காலத்தில் பெரிய டாக்டர் பச்சை மையில் முழுதாக எழுதி நான் பார்த்த காகிதம் அது ஒன்றுதான். பேனாவில் மை இருந்திருக்கிறது. அன்று மாலை நாலு மணிக்கு நேரில் வந்து விளக்கம் தரச் சொல்லியிருந்தார்.

போனேன். “செத்த இருங்க, மேல இருந்து போன் வரும்” என்றார். எதிரில் உட்கார்ந்தேன். ஐந்து மணி ஆயிற்று. ஐந்தரை ஆயிற்று. பஸ் போயிருக்கும். “சார், எனக்கு ஒரு பேஷண்ட் காத்திருக்காங்க, போகணும்” என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவர் தடுத்திருக்க மாட்டார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் சொல்லவில்லை. ஓய்வூதியம் கண்ணில் ஆடியது. கைப்பைக்குள் போன் மூன்று முறை அதிர்ந்தது. கோவிந்தராஜ்தான் என்று தெரியும். அதிகாரி முன்னால் போனை எடுப்பது மரியாதை இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மேலிருந்து போன் வந்ததும் நான் வெளியே வந்ததும் எட்டு மணிக்குத்தான். அப்போதும் கோவிந்தராஜைக் கூப்பிட்டு என்ன சொல்வது என்று பயந்து, நேராக வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் சீக்கிரமே போனேன். கோவிந்தராஜ் வாசலிலேயே நின்றார். முகத்தைப் பார்த்தே தெரிந்தது. ஜெயந்தி சொட்டு விட விடவில்லை. நான் வருவேன் வருவேன் என்று வாயை மூடிக்கொண்டே கிடந்திருக்கிறார். விடியும்வரை மருந்தில்லை. சத்தம் தெருவுக்குக் கேட்கக் கூடாது என்று துண்டை வாயில் அடைத்துக்கொண்டாராம். இதைச் சொல்லும்போது கோவிந்தராஜ் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உள்ளே போய்ப் பாயருகில் உட்கார்ந்தேன். ஜெயந்தியின் உதடு பல்பட்டு வீங்கியிருந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“நேத்து ஏம்மா வரல?”

“பஸ்ஸு கெடைக்கல ஜெயந்தி” என்றேன். அந்த நேரத்திலும் பொய்தான் வந்தது.

அவர் என் கையைத் தேடிப் பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

“பஸ்ஸுதானா? நல்லவேள. போனும் எடுக்கலையா, உங்களப் பிடிச்சிட்டுப் போயிட்டாகளோன்னு பயந்துபோயிக் கெடந்தேம்மா” என்றார்.